படத்தில் தெரியாத ஒரு யார்டு

1990 அக்டோபர் 6. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், கொலம்பியா நகரம். மிசௌரி பல்கலைக்கழக அணி 31–27 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்தில் மிச்சம் சில விநாடிகளே. எதிரணியான கொலராடோ, கோல் கோட்டுக்கு மூன்று யார்டு தூரத்தில் பந்தோடு நிற்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு முன்னேறவோ புள்ளி எடுக்கவோ ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். முதல் டவுனில் கொலராடோவின் சார்ல்ஸ் ஜான்சன் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். இரண்டாவதில் எரிக் பியெனெமி பாய்ந்தார், தடுத்துவிட்டார்கள். கொலராடோ இடைநிறுத்தம் கேட்டது. அந்தச் சந்தடியில், எத்தனையாவது டவுன் என்று காட்டும் கம்பத்தின் எண்ணை மாற்ற எல்லோரும் மறந்துபோனார்கள். அடுத்தும் பியெனெமி தடுக்கப்பட்டார். அதற்கடுத்து ஜான்சன் மறுபடியும் பந்தைத் தரையில் அடித்தார். நான்கும் தீர்ந்துவிட்டன. ஆனால் கம்பம் இன்னொரு முயற்சி பாக்கி என்றது. அந்த ஐந்தாவது முயற்சியில் ஜான்சன் கோட்டின் மேல் விழுந்தார். கொலராடோ 33–31 என்று வென்றது.

இரு அணிகளும் சேர்ந்திருந்த ‘பிக் எய்ட்’ கூட்டணி ஏழு நடுவர்களையும் இடைநீக்கம் செய்தது. ஆனால் ஆட்ட முடிவை மாற்ற மறுத்துவிட்டது. கொலராடோவின் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆடுகளம் வழுக்கியதைப் பற்றித்தான் அவர் குறைப்பட்டுக்கொண்டார். பருவ முடிவில் அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பில் கொலராடோ முதலிடம் பெற்றது. பயிற்சியாளர்களின் வாக்கெடுப்போ ஜார்ஜியா டெக்கைத் தேர்ந்தெடுத்தது. தேசியப் பட்டம் இரண்டாகப் பிரிந்த அந்த ஆண்டில், ஒரு பங்கு ஐந்தாவது டவுனின் மேல் நின்றது.

ஓரிரு புள்ளிகளில் முடியும் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் எதுவானாலும் மறுநாள் காலை ரசிகர்கள் அதைப் பிரித்துப்போட்டு ஆராய்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்டிய காணொளி, விதிப்புத்தகத்தின் உட்பிரிவு, இரு பக்கத்துக்கும் விதித்த அபராதங்களின் கணக்கு, நடுவர்கள் எந்தக் கூட்டணியைச் சேர்ந்தவர்கள் என்ற விசாரணை எல்லாம் அதில் அடக்கம். தோற்றவர்கள் ‘கொள்ளை’ என்பார்கள். வென்றவர்கள் ‘முதல் மூன்று கால்பகுதியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்பார்கள். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே ஆட்டத்தைத்தான். ஆனால் ‘நடுவர் தவறு’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் கலக்குவதால்தான் வாதம் ஓயாமல் நீள்கிறது. விதியைத் தவறாகச் செயல்படுத்துவது ஒன்று. கண்ணெதிரே நடந்ததைக் காணத் தவறுவது இன்னொன்று. இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்ற இடத்தில் ஒரு பக்கம் சாய்வது மூன்றாவது. படம் தீர்த்துவைப்பது முதல் இரண்டைத்தான்.

எண்ணிக்கையில் வரும் பிழை முதல் வகை. அதற்கு மிசௌரிக்கும் ஐம்பது ஆண்டு முந்திய ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1940 நவம்பர் 16 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஹானோவரில் டார்ட்மவுத் கல்லூரியும் கார்னெல் பல்கலைக்கழகமும் மோதின. பதினெட்டு ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி கார்னெல். கடைசி விநாடிகளில் வால்டர் ஷோல் எறிந்த பந்தை பில் மர்ஃபி பிடிக்க, 7–3 என்று அது ஜெயித்தது. பிறகு ஆட்டப் படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது அது ஐந்தாவது டவுன் என்று தெரிந்தது. தலைமை நடுவர் ரெட் ஃப்ரீசெல் பிழையை ஒப்புக்கொண்டார். கார்னெல் தலைவர் எட்மண்ட் எஸ்ரா டேயும் பயிற்சியாளர் கார்ல் ஸ்னேவ்லியும் வெற்றிக்கான உரிமையைக் கைவிடுவதாகத் தந்தி அனுப்ப, டார்ட்மவுத் ஏற்றுக்கொண்டது. பதிவேட்டில் இன்றும் டார்ட்மவுத் 3, கார்னெல் 0 என்றே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, அந்த முடிவை மாற்றியது எந்த நிர்வாக அமைப்பும் அல்ல. வென்றவரே விட்டுக்கொடுத்தார். கல்லூரிக் கால்பந்தின் விதிப்புத்தகம் இந்த விஷயத்தில் கறாரானது: தலைமை நடுவர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டால் புள்ளிக்கணக்கு இறுதியானது. நீதிமன்றங்களும் இதில் தலையிட விரும்புவதில்லை. ஒரு பள்ளிக் கால்பந்து ஆட்டத்தில் விதிப்படி தரவேண்டிய முதல் டவுனை நடுவர்கள் தரவில்லை என்ற வழக்கு 1981-ல் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. நடுவரின் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடையாது என்று அது சொல்லிவிட்டது.

1940-ல் படம் ஒரு சண்டையைத் தீர்த்தது. பதினோரு ஆண்டு கழித்து அதே டார்ட்மவுத் ஆடிய இன்னோர் ஆட்டத்தில் படத்தால் ஒன்றும் தீரவில்லை. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன் 13–0 என்று டார்ட்மவுத்தை வென்ற அந்த ஆட்டம் முரட்டுத்தனத்துக்குப் பேர்போனது. பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் ஒரே படத்தைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் வீரர்கள் செய்த மீறல்கள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் குறித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்திருந்தார்கள். 1954-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. படத்தை வாங்கிப் பார்த்த டார்ட்மவுத் முன்னாள் மாணவர் ஒருவர், பேசப்பட்ட அத்தனை அத்துமீறல்களும் எங்கே என்று திகைத்து, முக்கியமான பகுதிகளை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, மிச்சத்தை அனுப்புங்கள் என்று தந்தி அடித்தார்.

அந்த முன்னாள் மாணவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. ரசிகரின் ஆய்வைக் கேலி செய்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அணிச்சார்பு என்பது பார்த்த பிறகு வாய் பேசும்போது சேர்வதல்ல, பார்க்கிறபோதே கண்ணோடு சேர்ந்துகொள்கிறது.

இந்தச் சார்புக்கு மருந்தாகத்தான் ரீப்ளே வந்தது. ‘பிக் டென்’ கூட்டணி 2004-ல் சோதனையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மற்றக் கூட்டணிகளும் பின்தொடர்ந்தன. களத்தில் சொன்ன தீர்ப்பை மாற்ற மறுக்கமுடியாத காணொளிச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் களத் தீர்ப்பே நிற்கும் என்பது அடிப்படை. கிரிக்கெட்டின் டிஆர்எஸ்ஸில் ‘அம்பயர்ஸ் கால்’ பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சந்தேகத்தின் பலன் முதலில் சொன்னவருக்கே. ஆகவே இரண்டாவது வகைப் பிழையில்கூட, முதல் நொடியில் நடுவர் எப்படிக் கையைக் காட்டினார் என்பதே பல ஆட்டங்களில் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

ரீப்ளே பரவலான இரண்டாவது ஆண்டே அதன் மேல் இருந்த நம்பிக்கைக்கு ஓர் அடி விழுந்தது. 2006 செப்டம்பர் 16, ஓரிகன் மாநிலம் யூஜீன். ஓக்லஹோமா 33–20 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் ஓரிகன் பந்தோடு கோல் கோட்டைக் கடந்து ஒரு டச்டவுன் எடுத்து 33–27 ஆக்கிவிட்டு, பந்தைத் தானே மீட்கும் நோக்கில் குறைந்த தூரத்துக்கு உதைத்தது. அப்படி உதைக்கிற அணி, பந்து பத்து யார்டு போகும் முன் அதைத் தொடக்கூடாது. ஓரிகன் வீரர் தொட்டார். போதாததற்குப் பந்தைக் கைப்பற்றியவர் ஓக்லஹோமாவின் ஆலன் பேட்ரிக். ரீப்ளே பார்த்த பிறகும் பந்து ஓரிகனுக்கே என்று தீர்ப்பாயிற்று. டென்னிஸ் டிக்சன் எறிய, பிரையன் பேசிங்கர் பிடிக்க, ஓரிகன் 34–33 என்று வென்றது. ‘பசிபிக்-10’ கூட்டணி மன்னிப்புக் கேட்டு, களநடுவர்களையும் ரீப்ளே நடுவரையும் ஓர் ஆட்டத்துக்கு நீக்கியது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் அந்த ஆட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரினார், நடக்கவில்லை. ரீப்ளே நடுவருக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. அன்று பிழையை வெளிப்படையாகக் காட்டிய காணொளி ரசிகர்களின் வீடுகளில் ஓடியது. ரீப்ளே அறை மட்டும் அதைக் காணத் தவறியது.

அந்த ஆட்டத்தின் மறுபக்கத்தை ஓரிகன் ரசிகர்கள் சொல்வார்கள். பதின்மூன்று புள்ளி முன்னிலையைக் கடைசி நிமிடங்களில் கரையவிட்டது ஓக்லஹோமாவின் தற்காப்பு. அதன் பிறகும் ஓக்லஹோமாவுக்கு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து வெல்லும் ஃபீல்டு கோல் வாய்ப்புக் கிடைத்தது. அந்த உதையை ஓரிகன் தடுத்துவிட்டது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை.

2015 அக்டோபர் 31 அன்று வட கரோலினாவின் டர்ஹம் நகரில் டியூக் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஆறு விநாடி மீதமிருக்கையில் டியூக் 27–24 என்று முந்தியது. அடுத்த உதையை வாங்கிய மயாமி அணி எட்டு முறை பந்தைப் பக்கவாட்டில் கைமாற்றி, கடிகாரம் ஓய்ந்த பிறகும் ஓடி, கார்ன் எல்டர் வழியாக டச்டவுன் எடுத்தது. சுமார் ஒன்பது நிமிட ரீப்ளே ஆய்வுக்குப் பிறகு 30–27 என்று மயாமிக்கு வெற்றி. மறுநாளே ஏசிசி கூட்டணி பிழைகளைப் பட்டியலிட்டது: பந்தைக் கைமாற்றும் முன் மார்க் வால்டனின் முழங்கால் தரையில் பட்டிருந்தது, ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முதுகில் தள்ளிய தடுப்பு ஒன்றை நடுவர்கள் விட்டுவிட்டார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் மயாமி வீரர் ஒருவர் இருக்கையை விட்டுக் களத்துக்குள் புகுந்ததும் கவனிக்கப்படவில்லை. நடுவர் குழுவுக்கு இரண்டு ஆட்ட இடைநீக்கம். டியூக்கின் கணக்கில் தோல்வி அப்படியே இருந்தது.

ரசிகர் வாதங்களில் மிகப் பழையது அபராதக் கணக்கு. ‘நமக்கு எத்தனை, அவர்களுக்கு எத்தனை பாருங்கள்’ என்பது. டர்ஹம் ஆட்டம் அதன் பொய்யை அம்பலப்படுத்துகிறது. அன்று மயாமிக்கு விதிக்கப்பட்ட அபராதங்கள் 23. அந்த எண்ணை மட்டும் வைத்தால் நடுவர்கள் மயாமிக்கு எதிரி. கடைசி உதையை மட்டும் வைத்தால் அவர்கள் மயாமிக்கு நண்பர்கள். ஒரு கூட்டல் கணக்கு சார்பை நிரூபிக்காது. எந்தெந்த அபராதம் சரி, எது விடுபட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமை தோற்ற மறுநாள் யாருக்கும் இருப்பதில்லை.

இன்னொரு சந்தேகம் நடுவர் எந்த ஊர்க்காரர் என்பது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் நடுவர்களை அமர்த்துவதும் தண்டிப்பதும் கூட்டணிகளே. பெரும்பாலோருக்கு இது வார இறுதி வேலை, வாரநாளில் வேறு தொழில். இரு வேறு கூட்டணி அணிகள் மோதும்போது ஒரு கூட்டணியின் குழு வந்தாக வேண்டும், உடனே சந்தேகம் கிளம்பும். 2016 செப்டம்பர் 10 அன்று ஓக்லஹோமா ஸ்டேட் அணி தன் சொந்த மைதானத்தில் சென்ட்ரல் மிச்சிகனிடம் 30–27 என்று தோற்றது. நான்காவது டவுனில் ஓக்லஹோமா ஸ்டேட் பந்தை வெட்டவெளியில் எறிந்து கடைசி விநாடிகளைக் கரைத்தது. அதற்கு அபராதம் உண்டு. ஆனால் டவுன் இழப்போடு சேர்ந்த அபராதம் என்றால் கடிகாரம் ஓய்ந்த பின் கூடுதலாக ஒரு முயற்சி தரக்கூடாது என்று விதியில் விதிவிலக்கு இருக்கிறது. நடுவர்கள் தந்துவிட்டார்கள். கூப்பர் ரஷ் எறிந்த நீளப் பந்தை ஜெஸ்ஸி க்ரோல் பிடித்துக் கோரி வில்லிஸுக்குக் கைமாற்ற, அவர் கோட்டுக்குள் ஓடினார்.

களநடுவர்கள் சென்ட்ரல் மிச்சிகன் சேர்ந்திருக்கும் ‘மாக்’ கூட்டணியைச் சேர்ந்தவர்கள், கதை அத்தோடு முடிந்திருந்தால் சதி என்று சொல்லிவிடலாம். ஆனால் ரீப்ளே அறையில் இருந்தவர்கள் ஓக்லஹோமா ஸ்டேட்டின் ‘பிக் 12’ கூட்டணிக்காரர்கள். அவர்களும் பிழையைத் தடுக்கவில்லை. இரு குழுக்களும் இரண்டு ஆட்டங்களுக்கு நீக்கப்பட்டன. இங்கே தெரிவது சார்பல்ல, எப்போதோ ஒருமுறை வரும் விதிவிலக்கு அழுத்தத்தில் எல்லோருக்கும் ஒருசேர மறந்துபோவது. மிசௌரியின் கம்பமும் இதே வகைதான்.

மூன்றாவது வகைக்கு வரலாம். 2016 நவம்பர் 26, கொலம்பஸ் நகரம். நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டும் மூன்றாம் இடத்து மிச்சிகனும் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போராடின. 27–24 என்று பின்தங்கியிருந்த ஒஹையோ ஸ்டேட்டுக்கு நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவை. ஜே. டி. பாரெட் பந்தோடு பாய்ந்து, சொந்த அணி வீரர் முதுகிலேயே மோதி விழுந்தார். கோட்டைத் தொட்டதா பந்து? நடுவர் தொட்டது என்றார், ரீப்ளே அதை மாற்றவில்லை. அடுத்த முயற்சியிலேயே கர்டிஸ் சாமுவேல் 15 யார்டு ஓடி ஆட்டத்தை 30–27 என்று முடித்தார். மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா நடுவர்களைக் கடுமையாகச் சாடினார். ‘பிக் டென்’ அவரைக் கண்டித்து, பல்கலைக்கழகத்துக்கு 10,000 டாலர் அபராதம் விதித்தது.

ஓடுகிற பந்து எங்கே நின்றது என்பதை நடுவர்கள் ஓரத்திலிருந்து ஓடி வந்து, காலை ஊன்றி, கண்ணளவில் குறிக்கிறார்கள். அந்தக் கணத்தில் பந்து ஏழெட்டு உடல்களுக்கு நடுவே மறைந்திருக்கும். எந்தக் கேமராவும் கோட்டுக்கு நேர்கோணத்தில் இல்லையென்றால், நிறுத்திய படத்தில் இரு தரப்பும் தமக்கு வேண்டிய கோடு ஒன்றை வரைந்துகொள்ளலாம். மிச்சிகன் ரசிகர்கள் அப்படித்தான் வரைந்தார்கள், ஒஹையோ ரசிகர்களும்தான். இரண்டு கோடும் ஒரே படத்தின் மேல். அதே ஆட்டத்தில் மிச்சிகன் மூன்று முறை பந்தை இழந்தது. அவற்றில் ஒன்று ஒஹையோ ஸ்டேட்டின் டச்டவுனாகவே முடிந்தது. இந்தக் கணக்கை மிச்சிகன் ரசிகர்கள் மெல்லக் கடந்துபோனார்கள்.

அபராதமா இல்லையா என்ற தீர்ப்புகளில் இந்த வகை இன்னும் தீவிரமானது. 2003 ஜனவரி 3 அன்று அரிசோனாவின் டெம்பியில் நடந்த ஃபியஸ்டா பௌல் இறுதியில், 34 ஆட்டத் தொடர்வெற்றியோடு வந்த மயாமி கூடுதல் நேரத்தில் 24–17 என்று முந்தியிருந்தது. ஒஹையோ ஸ்டேட்டின் நான்காவது டவுன் பந்து பிடிபடாமல் விழ, மயாமி வீரர்கள் களத்துக்குள் ஓடிவந்து கொண்டாடத் தொடங்கினார்கள். வாணவேடிக்கையும் வெடித்தது. சில விநாடி கழித்துத்தான் நடுவரின் அபராதக் கொடி விழுந்தது: பிடிக்கவந்தவரைத் தடுத்ததாக மயாமிக்கு அபராதம். ஒஹையோ ஸ்டேட் சமன் செய்து, பிறகு 31–24 என்று தேசியப் பட்டத்தை எடுத்தது. அன்று ரீப்ளே கிடையாது. இன்று இருந்தாலும் பயனில்லை, தடுத்தாரா இல்லையா என்பது கல்லூரி ரீப்ளே விதியில் ஆய்வுக்கு உட்பட்டதே அல்ல.

சில சர்ச்சைகளில் நடுவர் சரியாகச் செய்ததே பெரிய புகார். 2009 டிசம்பரில் ‘பிக் 12’ இறுதியில் நெப்ராஸ்கா 12–10 என்று முந்தியிருக்க, டெக்சஸின் கோல்ட் மக்காய் எறிந்த பந்து களத்துக்கு வெளியே விழுந்தபோது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. ரீப்ளே ஒரு விநாடியைத் திருப்பித் தந்தது. ஹன்டர் லாரன்ஸ் 46 யார்டிலிருந்து உதைத்து 13–12 ஆக்கினார். நெப்ராஸ்காவில் அந்த விநாடி இன்றும் வசவு. ஆனால் படம் பந்து விழுந்தபோது ஒரு விநாடி இருந்ததையே காட்டியது. டெக்சஸை அவ்வளவு தூரம் முன்னேற்றியதும் நெப்ராஸ்காவின் சொந்தத் தவறுகள்தான்: வெளியே போன ஒரு தொடக்க உதை, பின்கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்ததற்கு ஓர் அபராதம்.

வேறு சில இடங்களில் மீறல் நடந்தது உறுதி, விதியே பிறகு மனம் மாறியது. 2005 அக்டோபரில் சதர்ன் கலிஃபோர்னியா 34–31 என்று நோத்ர டேமை வென்ற கடைசி முயற்சியில் ரெஜி புஷ், பந்து வைத்திருந்த மேட் லைனார்ட்டைப் பின்னாலிருந்து தள்ளினார். அன்றைய விதிப்படி அது குற்றம். எந்தக் கொடியும் விழவில்லை. 2013-ல் தள்ளுவதைத் தடுத்த அந்த விதியையே நீக்கிவிட்டார்கள்.

நிர்வாகங்கள் இந்தச் சர்ச்சைகளுக்கெல்லாம் தந்த பதில் பெரும்பாலும் கருவியும் ஒழுங்கும்தான். களநடுவர் எண்ணிக்கை ஏழிலிருந்து எட்டானது. எஸ்இசி, ஏசிசி போன்ற கூட்டணிகள் ரீப்ளே முடிவுகளுக்கு உதவ மைய அறைகளை அமைத்தன. 2009-ல் ஃப்ளோரிடா 23–20 என்று ஆர்க்கன்சாவை வென்ற ஆட்டம் உட்பட இரு ஆட்டங்களில் காணொளி ஆதரிக்காத அபராதங்களை விதித்த குழுவை எஸ்இசி வெளிப்படையாக இடைநீக்கம் செய்தது. கூடவே நடுவரைப் பொதுவில் குறைகூறும் பயிற்சியாளர்களுக்கு அபராதத்தையும் அறிவித்தது. ரசிகர்களுக்கும் தண்டனை வந்தது. 2024 அக்டோபரில் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஓர் அபராதத்துக்குக் கோபப்பட்ட டெக்சஸ் கூட்டம் களத்தில் பாட்டில்களை வீசியது. ஆட்டம் நின்ற அந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பை மாற்றினார்கள். மாற்றிய தீர்ப்பு சரிதான், ஆனாலும் எஸ்இசி டெக்சஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. பாட்டில் வீசினால் தீர்ப்பு மாறும் என்ற பாடம் பரவிவிடுமோ என்ற பயமும் எழுந்தது.

ஒரு யார்டின் விலையும் ஏறியிருக்கிறது. 2024-ல் தேசியப் பட்டப்போட்டி நான்கு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்தது. வாரந்தோறும் பத்துப் பதினைந்து அணிகளின் கனவு ஒரே ஒரு தோல்வியில் தொங்குகிறது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை ரத்து செய்த பிறகு, அந்த ஒரு யார்டில் பணம் கட்டியவர்களும் பெருகினார்கள்.

இனி செய்யக்கூடியது என்ன என்ற கேள்வியில் அதிகம் பேசப்படுவது வெளிப்படைத்தன்மை. என்பிஏ கூடைப்பந்தில் 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை அதிகாரிகளே ஆராய்ந்து, சரி தவறு என்று மறுநாள் வெளியிடுகிறார்கள். கல்லூரிக் கால்பந்தில் நாடு முழுவதற்கும் அப்படியொரு ஒழுங்கு இல்லை. எதற்கு விளக்கம் தருவது, எதை விழுங்குவது என்பது ஒவ்வொரு கூட்டணியின் விருப்பம். முடிவை மாற்றாத ஒப்புதல் எரிகிற இடத்தில் எண்ணெய்தான் என்பது எதிர்ப்பவர்கள் வாதம், அதில் நியாயம் உண்டு. ஆனால் டர்ஹமில் ஏசிசி மறுநாளே பிழைகளைப் பெயர்சொல்லி ஒப்புக்கொண்டதால், வால்டனின் முழங்கால் பட்டதா என்று இன்று டியூக் ரசிகரும் மயாமி ரசிகரும் சண்டை போடுவதில்லை. அவர்கள் சண்டை போடுவது, பட்டிருந்தும் வெற்றி ஏன் மயாமியிடமே இருக்கிறது என்பதற்குத்தான்.